வீடு வாங்கவும் விற்கவும் எது சரியான நேரம்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே வரும் கணக்குகளில் வீட்டு விலையை 100 என்று வைத்திருக்கிறோம். எந்தப் பணமாக இருந்தாலும் விகிதம் ஒன்றுதான். உங்கள் ஊர் எண்களைப் போட்டு நீங்களே ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இப்போதே வாங்கலாமா, இன்னும் கொஞ்சம் பொறுக்கலாமா?

மார்க்கெட் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள்: அந்த வீட்டில் எத்தனை வருஷம் இருக்கப் போகிறீர்கள்?

காரணம், வீடு கை மாறும் ஒவ்வொரு தடவையும் காசு கரைகிறது. வாங்கும்போது பத்திரச் செலவு, பதிவுக் கட்டணம், வக்கீல், லோன் கட்டணம். விற்கும்போது புரோக்கர் கமிஷன், வெள்ளையடிப்பு, லோனை முடிக்கும் செலவு. வாங்க 5%, விற்க 4% ஆகிறது என்று வையுங்கள். 100-க்கு வாங்கிய வீட்டுக்கு உங்கள் கையிலிருந்து போனது 105. விற்கும்போது அந்த 105 கையில் திரும்ப வர வேண்டுமானால் வீடு 109.4-க்குப் போக வேண்டும். விலை வருஷத்துக்கு 3% ஏறினால் அதற்கு 3 வருஷம் ஆகும். 2% ஏறினால் நாலரை வருஷம். வாங்கும் செலவே 10% ஆகிற இடங்களில், 3% ஏற்றத்துக்கு 4.6 வருஷம், 2% ஏற்றத்துக்கு ஏறக்குறைய 7 வருஷம். இதில் வட்டியைச் சேர்க்கவே இல்லை.

ஆகவே இரண்டு வருஷத்தில் வேலை மாறி ஊர் மாறும் வாய்ப்புள்ளவர், எவ்வளவு நல்ல நேரத்தில் வாங்கினாலும் தப்பான நேரத்தில் வாங்கியவர்தான். பத்து வருஷம் இருக்கப் போகிறவர் ஆறு மாதம் முன்னே பின்னே வாங்கினால் பெரிதாக எதுவும் குடிமுழுகிவிடாது. நேரம் பார்ப்பதில் முக்கால்வாசி இதிலேயே முடிந்துவிடுகிறது.

"மார்க்கெட் சூடாக இருக்கிறது" என்கிறார்கள். அதை எப்படிச் சரிபார்ப்பது?

எந்த மார்க்கெட் என்று முதலில் கேளுங்கள். நாடு முழுவதற்குமான செய்தி உங்கள் தெருவுக்குப் பொருந்தாது. ஒரே ஏரியாவிலேயே இரண்டு படுக்கையறை அடுக்குமாடி வீட்டுக்கு ஒரு நிலவரம், தனி வீட்டுக்கு வேறு நிலவரம் இருக்கும். வாங்கும் ஆட்களே வேறு வேறு.

கணக்கு ஒன்றே ஒன்றுதான், கையிருப்பு எத்தனை மாதம் தாங்கும் என்பது. இப்போது விற்பனைக்கு இருக்கும் வீடுகளின் எண்ணிக்கையை, மாதத்துக்கு எத்தனை விற்கிறது என்பதால் வகுத்தால் போதும்.

உட்கார்ந்து செய்தால் ஒரு மாலை வேலை. நீங்கள் பார்க்கும் ஏரியா, அதே வகை, உங்கள் விலைக்கு 15% மேலும் கீழும் என்று வடிகட்டுங்கள். விளம்பரத் தளத்தில் 70 வீடு வருகிறது என்று வைப்போம். அதில் ஒரே வீட்டை மூன்று புரோக்கர்கள் போட்டிருப்பார்கள். தரை டைல்ஸும் ஜன்னல் கம்பியும் படத்துக்குப் படம் ஒன்றாக இருப்பதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். சில வீடுகள் விற்று மாதக்கணக்காகியும் விளம்பரம் மட்டும் நின்றுகொண்டிருக்கும். போன் போட்டால் "அது போயிடுச்சு, வேற காட்டட்டுமா" என்பார்கள். இவற்றைக் கழித்தபின் மிஞ்சுவது 48. அதே வடிகட்டலில் கடந்த 6 மாதத்தில் விற்றவை 36 என்றால் மாதத்துக்கு 6. 48-ஐ 6-ஆல் வகுத்தால் 8 மாதக் கையிருப்பு. அதே ஏரியாவில் தனி வீடு 5 தான் விற்பனைக்கு, மாதத்துக்கு 2 போகிறது என்றால் இரண்டரை மாதம். முதலாவதில் நீங்கள் ஆற அமரப் பேரம் பேசலாம். இரண்டாவதில் வீட்டைப் பார்த்துவிட்டு வந்து சாப்பிட்டு முடிப்பதற்குள் வேறு யாராவது அட்வான்ஸ் கொடுத்திருப்பார்கள்.

பொதுவாகச் சொல்லும் அளவு: 4 மாதத்துக்குக் கீழே விற்பவர் கை ஓங்கும், 5–6 சமநிலை, 7-க்கு மேல் வாங்குபவர் கை. இது வேலை செய்கிற தோராயம்தான், வேதவாக்கு அல்ல. சில ஊர்களில் 8 மாதம் என்பதே என்றைக்கும் இருக்கும் நிலை. அதனால் மாதம் ஒரு முறை, அதே வடிகட்டலில், நான்கு மாதம் எண்ணிக் குறித்துவையுங்கள். 8, 7, 6, 4.5 என்று இறங்கும் வரிசை, தனியாக நிற்கும் எந்த எண்ணையும்விட அதிகம் சொல்லும்.

ஒரு காலாண்டில் இரண்டே வீடு விற்ற ஏரியா என்றால் இந்தக் கணக்கு ஆட்டம் காணும். அப்போது ஏரியாவைப் பெரிதாக்காமல் காலத்தை 12 மாதமாக நீட்டுங்கள். பக்கத்து ஏரியாவைச் சேர்த்தால் வேறு மார்க்கெட்டைக் கலந்ததாகிவிடும்.

எங்கள் ஏரியாவில் நடுவிலை 38% ஏறியதாக அறிக்கை வந்திருக்கிறது. என் வீடும் 38% ஏறியிருக்குமா?

அப்படி இருக்க வேண்டியதில்லை. போன காலாண்டில் ஐந்து வீடு விற்றது: 60, 62, 65, 90, 95. விலை வரிசையில் நடுவில் நிற்பது 65, அதுதான் நடுவிலை. இந்தக் காலாண்டில் விற்றவை 62, 65, 90, 90, 95. நடுவில் நிற்பது 90. அறிக்கை 38% ஏற்றம் என்கிறது. ஆனால் 62 வீடு இன்றும் 62 தான், 90 வீடு இன்றும் 90 தான். பெரிய வீடு ஒன்று கூடுதலாக விற்றது, அவ்வளவே.

இந்தக் கோளாறைத் தவிர்க்கத்தான் கார்ல் கேஸ், ராபர்ட் ஷில்லர் என்ற அமெரிக்கப் பொருளாதார நிபுணர்கள் 1980-களில் ஒரே வீடு மறுபடி விற்கும்போது விலை எவ்வளவு மாறியது என்று பார்க்கும் குறியீட்டை உருவாக்கினார்கள். உங்கள் ஊரில் அப்படிப்பட்ட குறியீடு வெளியானால் அதைப் பாருங்கள். இல்லையென்றால், ஒரே குடியிருப்பில் ஒரே அளவு வீடு முன்பு எவ்வளவுக்குப் போனது, இப்போது எவ்வளவுக்குப் போனது என்று நாலைந்து ஜோடிகளைத் தேடிப் பிடியுங்கள். அறிக்கையைவிட அது நம்பகம்.

இன்னொன்று, பதிவான விலை பழைய செய்தி. பேசி முடித்து, லோன் கிடைத்து, பதிவாக ஒன்றிலிருந்து மூன்று மாதம் போகிறது. இன்றைய பதிவேட்டில் இருப்பது போன பருவத்தின் மனநிலை.

விலை திரும்புவதற்கு முன் என்ன தெரியும்?

விலை கடைசியில்தான் அசையும். முதலில் குறைவது விற்பனை எண்ணிக்கை. பிறகு வீடுகள் விளம்பரத்தில் நிற்கும் நாள் கூடும். அதன்பின் "விலை குறைக்கப்பட்டது" என்ற அறிவிப்புகள் பெருகும். கேட்ட விலைக்கும் முடிந்த விலைக்கும் உள்ள இடைவெளி 2%-லிருந்து 5, 6 என்று அகலும். இதெல்லாம் நடந்த பிறகே பதிவேட்டில் விலை இறங்கித் தெரியும். ஏறும்போதும் இதே வரிசைதான், ஒவ்வொன்றும் எதிர்த்திசையில் நகரும்.

வீட்டு விலை பங்கு விலை மாதிரி நாளுக்கு நாள் துள்ளுவதில்லை. கேஸும் ஷில்லரும் 1989-ல் காட்டியது: ஒரு வருஷம் ஒரு திசையில் போன விலை, அடுத்த வருஷமும் அதே திசையில், முந்தையதில் கால்வாசி முதல் பாதி அளவுக்கு நகரும் போக்கு உண்டு. அதாவது திருப்பம் தெரிந்த பிறகும் உங்களுக்கு அவகாசம் இருக்கிறது. நாளைக்கே முடிவெடுத்தாக வேண்டும் என்று யாராவது அவசரப்படுத்தினால், அவசரம் பெரும்பாலும் அவருடையது.

ஒரு எச்சரிக்கை. விற்பனை குறைந்தால் விலையும் கட்டாயம் விழும் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் 30 வருட வீட்டுக் கடன் வட்டி 2021 ஜனவரியில் 2.65%-ஆக இருந்தது. 2023 அக்டோபரில் 7.79%-ஐத் தொட்டது. 2023-ல் பழைய வீடுகளின் விற்பனை 1995-க்குப் பிறகு காணாத அளவுக்குச் சரிந்தது. விலையோ விழவில்லை. குறைந்த வட்டியில் நிலையான கடன் வைத்திருந்தவர்கள் அதை விட்டுவிட்டு வெளியே வர மறுத்ததால், வாங்குபவரோடு சேர்ந்து விற்பவரும் காணாமல் போனார்கள். விற்பனை குறைந்து கையிருப்பும் கூடினால்தான் விலை தளரும். மேலே சொன்ன கையிருப்புக் கணக்கு இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதால்தான் அதற்கு இவ்வளவு இடம் கொடுத்தோம்.

இதோடு, பக்கத்தில் என்ன கட்டுகிறார்கள் என்றும் பார்த்துவிடுங்கள். 400 வீடு கொண்ட குடியிருப்பு ஒன்று சாவி கொடுக்கும் கட்டத்தை நெருங்கினால், முதலீட்டுக்காக வாங்கிப்போட்டவர்கள் ஒரே நேரத்தில் விற்கவும் வாடகைக்கு விடவும் வருவார்கள். அந்தச் சில மாதங்கள் வாங்க நல்லது. அதே மாதிரி வீட்டை விற்க நினைப்பவர் அதற்கு முன்பே முடித்துக்கொள்வது நல்லது.

வட்டி இறங்கட்டும் என்று காத்திருக்கலாமா?

1,00,000 கடன், 20 வருடம். 8% வட்டியில் மாதத் தவணை 836. 7%-ல் 775. அதே தவணையில் இன்னும் எவ்வளவு கடன் வாங்க முடியும் என்று திருப்பிப் போட்டால், வட்டி 7%-லிருந்து 8%-க்குப் போகும்போது கடன் தகுதி 7.3% குறைகிறது. விலையில் 20% சொந்தப் பணம், மீதி கடன் என்றால், மொத்த பட்ஜெட் 100-லிருந்து 94-க்கு வருகிறது. ஆக, ஒரு சதவீத வட்டி என்பது ஏறக்குறைய 6% விலைக்குச் சமம்.

நீங்கள் காத்திருக்கும் காலத்தில் உங்கள் ஏரியா விலை 6%-க்கு மேல் ஏறிவிட்டால், வட்டி ஒரு சதவீதம் இறங்கியும் உங்களுக்கு லாபமில்லை. வட்டி இறங்கினால் உங்களைப் போலவே காத்திருந்த எல்லோரும் ஒரே நாளில் கிளம்பி வருவார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"விலையை அப்புறம் மாற்ற முடியாது, வட்டியை மாற்றலாம்" என்று விற்பனைக்காரர்கள் சொல்வதுண்டு. பாதி உண்மை. கடனை வேறு வங்கிக்கு மாற்றக் கட்டணம் உண்டு, சில ஒப்பந்தங்களில் முன்கூட்டி அடைத்தால் அபராதம் உண்டு. வீட்டு மதிப்போ உங்கள் வருமானமோ குறைந்திருந்தால் புது வங்கி கையை விரித்துவிடும். இன்றைய வட்டியிலேயே தவணை கட்ட முடியும் என்றால் மட்டும் அந்த வாதத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். மாறும் வட்டிக் கடன் என்றால் இன்னும் 2% ஏறினாலும் தாங்குமா என்றும் போட்டுப் பாருங்கள்.

வாடகைக்கே இருந்துவிட்டால் நஷ்டமா?

வீட்டு விலையை ஒரு வருட வாடகையால் வகுத்தால் ஒரு விகிதம் வரும். 15-க்குக் கீழே என்றால் வாங்கு, 20-க்கு மேல் என்றால் வாடகைக்கு இரு என்று பொதுவாகச் சொல்வார்கள். இந்த எல்லைகள் எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்தால் உங்கள் ஊருக்கு நீங்களே எல்லை போட்டுக்கொள்ளலாம்.

100 மதிப்புள்ள வீட்டை ஒரு வருஷம் வைத்திருக்க ஆகும் செலவு: கடன் வட்டியும், உங்கள் பணம் வேறிடத்தில் ஈட்டியிருக்கக்கூடியதும் சேர்த்து 7. பராமரிப்பு 1. சொத்து வரி, காப்பீடு 1. மொத்தம் 9. விலை வருஷத்துக்கு 4 ஏறும் என்று எதிர்பார்த்தால் நிகரச் செலவு 5. அதே வீட்டின் ஆண்டு வாடகை 5-க்கு மேல் என்றால் வாங்குவது மலிவு, அதாவது எல்லை 20. ஏற்றம் 2 தான் இருக்கும் என்று நினைத்தால் நிகரச் செலவு 7, எல்லை 14-க்கு வந்துவிடுகிறது.

எதிர்பார்ப்பை இரண்டு புள்ளி மாற்றியதற்கே பதில் தலைகீழானதைக் கவனியுங்கள். "வாடகை கொடுப்பது வீண்" என்பவர் தன்னையறியாமல் ஏற்றத்தை 6, 7 என்று வைத்துக்கொண்டு பேசுகிறார். வட்டியும் பராமரிப்பும் வீட்டு வரியும் கூடத் திரும்பி வராத பணம்தான்.

விலை விழட்டும், அடியில் பிடிக்கிறேன். சரியா?

அடி எது என்று தெரிவது அங்கிருந்து ஏறிய பிறகு. அமெரிக்காவில் 2006-ல் உச்சத்தைத் தொட்ட விலை 2012 தொடக்கம் வரை சரிந்து ஏறக்குறைய 27% இழந்தது. இடையில் "இனி இறங்காது" என்று நம்ப வைத்த மாதங்கள் நிறைய. ஜப்பானில் நில விலை 1991 வாக்கில் உச்சம் தொட்டது, அதன்பின் பத்து வருஷத்துக்கும் மேலாக இறங்கிக்கொண்டே இருந்தது. அங்கே 10% இறங்கியதும் பாய்ந்தவர்கள் அடியைப் பிடிக்கவில்லை.

வீழ்ச்சியில் அடிபடுபவர், விழும் நேரத்தில் விற்றே ஆக வேண்டியவர். 10 சொந்தப் பணம், 90 கடன் போட்டு, 8% வட்டியில் 20 வருடத்துக்கு வாங்கியவர் 3 வருஷம் ஒழுங்காகத் தவணை கட்டிய பிறகும் ஏறக்குறைய 84 பாக்கி இருக்கும். வீடு 80-க்கு விழுந்திருந்தால், விற்றும் கையிலிருந்து 4 போட வேண்டும். விற்கும் செலவு தனி. வேலை இருக்கிறது, தவணை ஓடுகிறது என்றால் இது தாளில் உள்ள நஷ்டம். வேலை போய்விட்டால்தான் நிஜ நஷ்டம். அடியைத் தேடும் நேரத்தை, சொந்தப் பங்கை 20–25 ஆக்குவதிலும் ஆறு மாதச் செலவைத் தனியாக எடுத்துவைப்பதிலும் செலவிடலாம்.

போட்டியில் கேட்ட விலைக்கு மேலே கொடுக்கலாமா?

கொடுக்கலாம், வங்கியின் மதிப்பீட்டை மறக்காமல். நீங்கள் 100-க்கு ஒப்புக்கொள்கிறீர்கள். வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் 94 என்று எழுதுகிறார். 80% கடன் என்றால் 80 வராது, 94-ல் 80%, அதாவது 75.2 தான் வரும். மீதி 4.8-ஐ நீங்கள் கையிலிருந்து போட வேண்டும். சூடான மார்க்கெட்டில் பேரம் முறிந்து அட்வான்ஸ் சிக்கிக்கொள்வது அதிகமும் இங்கேதான். கடன் இத்தனைக்குக் கீழே கிடைத்தால் அட்வான்ஸ் திரும்ப வரும் என்ற வரி ஒப்பந்தத்தில் இல்லாமல் மேலே ஏறாதீர்கள்.

எந்தப் பருவத்தில் விற்றால் நல்ல விலை?

பல நாடுகளில் பள்ளி விடுமுறையை ஒட்டியும் நல்ல வெயில் காலத்திலும் பரபரப்பு கூடும், குளிரிலும் பண்டிகைக் காலத்திலும் மந்தமாகும். விற்று வெளியேறுபவருக்கும் முதல் வீடு வாங்குபவருக்கும் இது பொருட்டு. ஒன்றை விற்று இன்னொன்றை வாங்குபவருக்கு இரண்டும் ஒரே பருவத்தில் நடப்பதால் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று ஈடாகிவிடும்.

வாங்குபவருக்கு ஒரு உபரி லாபம் உண்டு. மழைக்காலத்தில் வீடு பார்த்தால் கசிவு, ஈரச் சுவர், தெருவில் தேங்கும் நீர் எல்லாம் தானாகவே தெரியும். வெயில் காலத்தில் புதுச் சுண்ணாம்பு அதையெல்லாம் மூடியிருக்கும்.

விற்க என்ன விலை சொல்வது?

பக்கத்து வீட்டுக்காரர் கேட்கும் விலையைப் பார்த்துச் சொல்லாதீர்கள். அது அவருடைய ஆசை. கடந்த ஆறு மாதத்தில் முடிந்த விலைகளில் உங்கள் வீட்டைப் போன்ற மூன்றை எடுங்கள். விற்ற வீட்டைத் திருத்தி உங்கள் வீட்டுக்குச் சமமாக்க வேண்டும். உங்களுடையதைவிட அதில் ஏதாவது கூடுதலாக இருந்தால் அதன் மதிப்பைக் கழிக்கவும், குறைவாக இருந்தால் கூட்டவும்.

முதல் வீடு 104-க்குப் போனது. அதில் கார் நிறுத்தம் உண்டு, உங்களுக்கு இல்லை. 5 கழித்தால் 99. இரண்டாவது 92-க்குப் போனது. குளியலறையும் மின்வயரும் பழசு, உங்களுடையது மாற்றியது. 4 கூட்டினால் 96. மூன்றாவது 101, ஆனால் விலை உச்சியில் இருந்தபோது முடிந்தது. அதன்பின் 2% தளர்ந்திருக்கிறது, ஆகவே 99. உங்கள் வீடு 96–99. கேட்பது 100 அல்லது 101. 110 அல்ல.

பரப்பளவுக்குத் திருத்தும்போது பலர் வழுக்குவார்கள். சதுர அடி சராசரி விலையை அப்படியே கூடுதல் அடிகளோடு பெருக்கக் கூடாது. வீடு பெரிதாகப் பெரிதாக அடி விலை குறையும். சமையலறைக்கும் குளியலறைக்கும் நிலத்துக்கும் ஆன பணம் முதல் சில நூறு அடிகளிலேயே அடங்கிவிடுகிறது. கூடுதல் அடிக்குச் சராசரியில் பாதி போட்டால் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும். இரண்டு வீடுகளின் அளவும் ஒரே முறையில் சொல்லப்பட்டதா என்றும் பாருங்கள். ஒன்று சுவருக்குள் அளந்தது, இன்னொன்று படிக்கட்டுப் பங்கும் சேர்த்தது என்றால் ஒப்பீடே தப்பு.

அதிகம் சொல்லிவிட்டு அப்புறம் குறைத்துக்கொண்டால் என்ன?

புது விளம்பரத்தை அதிகம் பேர் பார்ப்பது முதல் இரண்டு மூன்று வாரம். அந்த ஏரியாவையே கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் எல்லோரும் அப்போது பார்த்துவிடுவார்கள். 110 என்று பார்த்து ஒதுக்கியவர், இரண்டு மாதம் கழித்து 101 ஆனபோது திரும்பி வருவதில்லை. வந்தாலும் "இத்தனை நாள் ஏன் போகவில்லை, என்ன கோளாறு?" என்ற கேள்வியோடு வருவார், 94 கேட்பார்.

மூன்று மாதமாகியும் வீடு போகவில்லை. எங்கே கோளாறு?

எந்தப் படியில் ஆள் நிற்கிறார் என்று பாருங்கள். போனே வரவில்லை என்றால் விலை அல்லது படங்கள். இருட்டான படங்களை மாற்றி ஒரு வாரம் பாருங்கள், அப்புறமும் வரவில்லை என்றால் விலைதான். வந்து பார்க்கிறார்கள், 12–15 பேர் பார்த்தும் ஒருவரும் விலை பேசவில்லை என்றால், படத்தில் தெரியாத ஏதோ நேரில் உறுத்துகிறது: வாடை, சத்தம், கசிவுக் கறை, வெளிச்சம். அதைச் சரிசெய்யுங்கள், முடியாதென்றால் விலையில் கழியுங்கள். விலை பேசி முடித்தும் முறிகிறது என்றால் கோளாறு பத்திரத்தில். பெயர் மாற்றாத வாரிசுரிமை, அனுமதியில்லாமல் கட்டிய அறை, அடைத்து முடித்தும் பதிவேட்டிலிருந்து நீக்காத பழைய அடமானம். இவற்றைச் சரிசெய்ய வாரங்கள் ஆகும் என்பதால், விளம்பரம் போடும் முன்பே பத்திரக் கட்டை வக்கீலிடம் காட்டிவிடுவது நல்லது.

குறைக்க முடிவு செய்தால் ஒரே தடவையில், 3–5% குறையுங்கள். வாரத்துக்கு அரை சதவீதம் குறைப்பவரைப் பார்த்து வாங்குபவர் இன்னும் இறங்கட்டும் என்று உட்கார்ந்துவிடுவார்.

முதலில் வந்தவர் 97 என்கிறார். 100-க்குக் காத்திருக்கலாமா?

காத்திருப்பதற்கும் விலை உண்டு. வீட்டில் முடங்கிய பணம் வருஷத்துக்கு 7%, வரி, பராமரிப்பு 2%. மொத்தம் 9%, மாதத்துக்கு 0.75. நான்கு மாதத்தில் 3 போய்விட்டது. நான்கு மாதத்துக்குள் 100 வந்தால் மட்டுமே காத்திருந்ததில் அர்த்தம் உண்டு. நீங்கள் குடியிருக்கும் வீடு என்றால் வாடகை மிச்சமாகிறது, அவசரம் குறைவு. பூட்டிக் கிடக்கும் வீடு என்றால் முழுக் கணக்கும் பொருந்தும்.

97 சொல்பவர் கடன் ஒப்புதலோடு வந்திருக்கிறாரா, தன் வீட்டை விற்ற பிறகுதான் வாங்குவாரா என்றும் கேளுங்கள். முறியாத 97, முறியக்கூடிய 99-ஐவிட மேல்.

வாங்கிய விலைக்குக் கீழே விற்க மனம் வரவில்லை.

பெரும்பாலோருக்கு வருவதில்லை. 1990-களில் பாஸ்டன் அடுக்குமாடி வீடுகளை ஆராய்ந்து டேவிட் ஜெனசோவ், கிறிஸ்டோபர் மேயர் 2001-ல் வெளியிட்ட ஆய்வில், நஷ்டத்தில் விற்க வேண்டியவர்கள் அந்த நஷ்டத் தொகையில் 25–35% அளவுக்குக் கூடுதலாக விலை கேட்டார்கள். கொஞ்சம் கூடுதல் கிடைக்கவும் செய்தது, ஆனால் வீடு அதிக நாள் நின்றது.

வாங்குபவருக்கு நீங்கள் எவ்வளவுக்கு வாங்கினீர்கள் என்பது தெரியாது, தெரிந்தாலும் கவலையில்லை. 100-க்கு வாங்கிய வீடு இன்று 90-க்குத்தான் போகும் என்றால், உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்: இன்று இந்த 90 கையில் பணமாக இருந்தால், இதே வீட்டை வாங்குவேனா? இல்லை என்றால் விற்கலாம்.

புரோக்கர் சொல்லும் நேரத்தை நம்பலாமா?

அவருக்கு ஏரியா தெரியும். அவர் கணக்கு வேறு. 2% கமிஷனில், உங்களுக்குக் கூடுதலாக 3 கிடைத்தால் அவருக்குக் கிடைப்பது 0.06. அதற்காக இன்னும் இரண்டு மாதம் அலைய யாருக்கும் மனம் வராது. ஸ்டீவன் லெவிட், சாட் சைவர்சன் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், சிகாகோ பகுதி ஏஜென்டுகள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது மற்றவர் வீட்டைவிடச் சராசரியாக 9.5 நாள் கூடுதலாகக் காத்திருந்து 3.7% அதிக விலை பெற்றார்கள். அவரிடம் கருத்து கேட்பதைவிட, கடைசியாக முடித்த ஐந்து வீடுகளின் முதல் விலை, முடிந்த விலை, எத்தனை நாள் என்று கேளுங்கள். எண்ணாகத் தருபவரை வைத்துக்கொள்ளுங்கள்.

பழையதை விற்றுவிட்டு வாங்குவதா, வாங்கிவிட்டு விற்பதா?

எது கடினமோ அதை முதலில் முடியுங்கள். கையிருப்பு 8 மாதம் இருக்கும் மந்தமான மார்க்கெட்டில் விற்பதுதான் கடினம், முதலில் விற்றுவிடுங்கள். 3 மாத மார்க்கெட்டில் வாங்குவது கடினம், புது வீட்டுக்குப் பேசி முடித்துவிட்டு உங்களுடையதைச் சந்தையில் விடலாம். வெவ்வேறு ஏரியா என்றால் இரண்டுக்கும் தனித்தனியாக எண்ணிப் பாருங்கள்.

முதலில் விற்பவர், பதிவுக்குப் பிறகும் இரண்டு மூன்று மாதம் வாடகை கொடுத்து அதே வீட்டில் இருந்துகொள்ள ஒப்பந்தத்திலேயே இடம் வாங்கிக்கொண்டால் இரண்டு முறை சாமான் தூக்க வேண்டாம். முதலில் வாங்குபவர் இரண்டு தவணையை ஆறு மாதம் தாங்க முடியுமா என்று பார்க்க வேண்டும். "ஒரு மாதத்தில் போய்விடும்" என்ற கணக்கில் இடைக்காலக் கடன் எடுத்தவர்தான் கடைசியில் அடிமாட்டு விலைக்குத் தள்ளப்படுகிறார்.

பெரிய வீட்டுக்கு மாறுபவருக்கு இறங்கும் மார்க்கெட் நல்லது. உங்கள் 100 வீடு 90 ஆகும்போது 160 வீடு 144 ஆகிறது. மேலே போட வேண்டிய 60 இப்போது 54. சின்ன வீட்டுக்கு இறங்குபவருக்கு இது அப்படியே எதிர்.

வரிக்காகத் தேதியைத் தள்ளிப்போடலாமா?

பல நாடுகளில் எத்தனை காலம் வைத்திருந்தீர்கள், விற்ற பணத்தை எப்போதைக்குள் வேறு வீட்டில் போட்டீர்கள் என்பதைப் பொறுத்து லாப வரி மாறும். சில வாரம் தள்ளினால் வரி கணிசமாகக் குறையும் என்றால் தள்ளுங்கள். நாள் கணக்கை எதிலிருந்து எண்ணுகிறார்கள், ஒப்பந்தமா, பதிவா, சாவி வாங்கியதா என்பதை எழுத்தில் உறுதி செய்துகொண்ட பிறகு.

விற்பவர் அவசரத்தில் இருக்கிறார் என்று விளம்பரத்திலேயே கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவு முடியும். 62 நாளாக நிற்கிறது, இரண்டு முறை விலை குறைந்திருக்கிறது, படங்களில் அறைகள் காலி, ஜன்னலுக்குத் திரை இல்லை. இவர் ஏற்கெனவே வேறு இடத்துக்குப் போய்விட்டார், இரட்டைச் செலவு ஓடுகிறது. 62 நாள் நின்றும் விலை அசையவில்லை, அலமாரியில் புத்தகம், கொடியில் துணி என்றால் இவருக்கு அவசரமில்லை, விலை கிடைத்தால் பார்க்கலாம் என்று இருக்கிறார்.

நாள் கணக்கை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். விளம்பரத்தை எடுத்துவிட்டு மறுபடி போட்டால் பல தளங்களில் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கும். புது விளம்பரத்தில், ஜன்னலுக்கு வெளியே உள்ள மரம் இலை இல்லாமல் நிற்கிறது, தெருவிலோ எல்லா மரமும் தழைத்திருக்கிறது என்றால் படம் எடுத்து மாதங்கள் ஆகிவிட்டன. அந்த வீட்டுக்கு 5% குறைத்துக் கேட்கத் தயங்க வேண்டாம்.